திருச்சி ஜோசப் பள்ளி: பாதர்கள் நினைத்தது ஒன்று, ஊர் ஆக்கியது வேறு

உறையூர்க்காரன்

வாட்ஸப்பில் மாதம் ஒருமுறையாவது வருகிறது: "வெள்ளைக்காரர் கட்டிய பள்ளி, அப்துல் கலாம் படித்த பள்ளி, திருச்சியின் பெருமை." கூடவே லூர்து மாதா கோயில் படம். முதலில் அதைச் சரிசெய்து விடுகிறேன். கலாம் பள்ளிப் படிப்பு படித்தது ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில். இங்கே அவர் வந்தது கல்லூரிக்கு, 1950 முதல் 1954 வரை. மெயின்கார்டு கேட் எதிரே இருக்கிற அந்த வளாகத்தில் கல்லூரியும் உண்டு, பள்ளியும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே "ஜோசப்"தான் என்பதால் குழப்பம் வருகிறது.

சரி, நான் இழை தொடங்கியது அதற்காக இல்லை. இந்த மாதிரி சேசு சபை, அதாவது ஜெசூட் என்கிற கத்தோலிக்கத் துறவியர் சபை, நடத்துகிற பள்ளிகளை எல்லோரும் "டிசிப்ளின், இங்கிலீஷ், ரிசல்ட்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. பிரெஞ்சு பாதர்கள் ஒரு கணக்குப் போட்டு இதைத் தொடங்கினார்கள், ஊர் அதை எடுத்துத் தனக்கு வேண்டியபடி ஆக்கிக்கொண்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் படிப்பில்லாமல் பின்தங்குகிறார்கள், படிக்கப் போனால் புரொட்டஸ்டண்ட் பள்ளிக்குப் போகிறார்கள், இதுதான் அவர்கள் கவலை. ஆனால் திருச்சிக்கு வந்த பிறகு வாசலில் வந்து நின்றவர்களில் பெரும்பங்கு ஸ்ரீரங்கத்திலிருந்தும் மலைக்கோட்டையைச் சுற்றின தெருக்களிலிருந்தும் வந்த இந்துப் பையன்கள், அதிலும் பிராமணப் பையன்கள் நிறைய. அவர்களுக்கு வேண்டியது பட்டமும் சர்க்கார் உத்தியோகமும். ஞானஸ்நானம் இல்லை. இந்த இழுபறியில்தான் பள்ளியின் குணமே உருவானது என்பது என் கட்சி. படித்தவர்கள் சொல்லுங்கள்.

நாகை_துறை

அண்ணே, திருச்சியில் தொடங்கியது என்று எழுதாதீர்கள். 1844ல் தொடங்கியது எங்கள் நாகப்பட்டினத்தில். 1866ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் நாகையில் இருந்தபோதுதான். 1883ல்தான் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தது. 39 வருஷம் நாகையில் நடந்த கல்லூரியை "திருச்சியின் பெருமை" என்று படம் போட்டு அனுப்புகிறீர்கள், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

உறையூர்க்காரன்

தம்பி, "திருச்சிக்கு வந்த பிறகு" என்றுதான் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை பாருங்கள். ஆனால் ஏன் போனது என்று நீங்கள் சொல்லவில்லையே. நாகையிலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது 1860களின் தொடக்கத்தில். அப்போது ரயில் கம்பெனியின் தலைமையிடமே நாகைதான், துறைமுகத்தில் இறங்குகிற சரக்கும் ஆளும் அங்கிருந்துதான் உள்ளே போக வேண்டும். அப்புறம் ஈரோட்டுப் பக்கமும் மதுரைப் பக்கமும் பாதை நீண்டதும் ஊர்களுக்கு நடுவில் திருச்சி வந்துவிட்டது, ரயில் தலைமையிடமும் திருச்சிக்கு வந்தது. மாணவர்களைத் தேடுகிற கல்லூரி அந்த வழியே வந்ததில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு காரணமும் இருக்கலாம், இது என் கணிப்பு மட்டும். மதுரை மிஷன், அதாவது இந்தப் பகுதியில் சபை நடத்திய சமயப்பணி, பிரான்ஸின் துலூஸ் மாகாணத்துச் சேசு சபையார் பொறுப்பில் இருந்தது. 1880ல் பிரெஞ்சு அரசு சேசு சபையைக் கலைக்க ஆணை போட்டு, அவர்களைத் தங்கள் வீடுகளிலிருந்து கிளப்பிவிட்டது. படித்த, பள்ளி நடத்திப் பழகிய ஆட்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள். மூன்றே வருஷத்தில் இங்கே கல்லூரி பெரிய ஊருக்கு வருகிறது. சம்பந்தம் இல்லாமலா இருக்கும்?

மலைக்கோட்டை_காத்து

லூர்து மாதா கோயில் ஏன் இங்கே என்று சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். துலூஸ் என்று நீங்கள் சொன்னதும்தான் புரிகிறது. லூர்து அந்தப் பக்கம்தானே? மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்வது 1858ல், அங்கே பெரிய பசிலிக்கா எழும்பியது 1870களில், இருபது இருபத்தைந்து வருஷத்துக்குள் அதே சாயலில் திருச்சியில் ஒன்று. பாதர்கள் சொந்த ஊர் மாதாவைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் சுற்றுலாத் தளங்களில் இந்தக் கோயில் 1840ல் கட்டியது என்று போட்டிருக்கிறான் பாருங்கள், காட்சி நடப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே கோயில்!

தோப்பு_பேரன்

உறையூர்க்காரன் அய்யா சொன்னதில் பாதி சரி, பாதி வெளியில் நின்று பார்த்தது. "ஞானஸ்நானம் இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். வாங்கியவர்கள் உண்டு. 1890களில் இந்தக் கல்லூரியில் படித்த பிராமண மாணவர்கள் சிலர் மதம் மாறினார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம், ஊரில் எழுந்த சத்தம் பெரிசு. வீட்டில் சேர்க்கவில்லை, சொத்து இல்லை, பெண் கொடுக்க ஆள் இல்லை. அவர்களைக் குடிவைக்கத்தான் பாதர்கள் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். அதுதான் செயின்ட் மேரிஸ் தோப்பு. ஆட்டோக்காரரிடம் தோப்பு என்று சொன்னால் கொண்டுபோய் விடுவார், ஏன் அந்தப் பேர் என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வரை வெங்காயம் பூண்டு கிடையாது, ஜெபமாலை உண்டு. கொழுக்கட்டையும் உண்டு, ஆனால் பிள்ளையார் சதுர்த்திக்கு இல்லை. இதை நான் வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், அந்த முதல் தலைமுறைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

ஆக பாதர்கள் கணக்கு முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது, மேலே இருக்கிறவர்கள் மாறினால் கீழே எல்லோரும் பின்னால் வருவார்கள் என்று. அது நடக்கவே இல்லை.

மேலப்புதூர்

நன்றாகப் பேசுகிறீர்கள். எல்லோரும் பிராமணப் பையன் வந்தான், மாறினான், மாறவில்லை என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே கத்தோலிக்கராக இருந்த பறையர், பள்ளர் பிள்ளைகள் அந்த வாசலில் எப்போது நுழைந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யாராவது கேட்டீர்களா?

இது 1883ல் தொடங்கிய கதை இல்லை. 1606ல் மதுரைக்கு வந்த சேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நோபிலி காவி கட்டிப் பூணூல் போட்டுப் பிராமண சன்னியாசி மாதிரி இருந்தார். அந்த வேடத்தில் இருப்பவர் கீழ்ச்சாதிக்காரர் வீட்டுப் பக்கம் போக முடியாது, அதனால் மற்றவர்களுக்கு என்று பண்டாரசுவாமி என்று இன்னொரு வகை சாமியார். சாதிக்கு ஒரு சாமியார்! 1773ல் போப்பே சேசு சபையைக் கலைத்தார், 1814ல் திரும்ப வந்தது, 1838 வாக்கில் இவர்கள் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தார்கள். நடுவில் இத்தனை நடந்தும் அந்தப் பழக்கம் மட்டும் கலையவே இல்லை. மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிவாரியாகப் பிரிக்கிற சுவரைப் போய்ப் பாருங்கள். செத்த பிறகும் தனித்தனி.

பள்ளியின் குணம் இழுபறியில் உருவானது என்கிறீர்கள். அந்த இழுபறி இரண்டு மேல்தட்டுக்கு நடுவில் நடந்தது. நாங்கள் கயிற்றின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உறையூர்க்காரன்

சுவர் ஆயர், அதாவது பிஷப், பொறுப்பில் உள்ள மறைமாவட்டத்துக் கல்லறையில் இருக்கிறது, பள்ளி நடத்துவது சேசு சபை, இரண்டும் வேறு நிர்வாகம் என்று ஒரு பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் திருச்சி ஆயரே சேசு சபைக்காரர்தான், முதல் ஆயர் கனோஸ் தொடங்கி. ஆகவே அந்தப் பதிலை நான் சொல்லப் போவதில்லை.

ஓய்வு_வாத்தியார்

நான் ஜோசப்பில் வேலை பார்க்கவில்லை, வேறு ஊரில் ஒரு சேசு சபைப் பள்ளியில் நீண்ட காலம் இருந்தேன். வகுப்பறை எப்படி நடந்தது என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

இவர்களுக்கு 1599லேயே ஒரு பாடத்திட்ட விதிநூல் உண்டு. உலகம் முழுக்க அவர்கள் பள்ளி எல்லாம் அதன்படிதான். சாரம் என்ன என்றால், சொன்னதைத் திரும்பச் சொல், எழுது, மேடையேறிப் பேசு, பக்கத்துப் பையனோடு போட்டி போடு. நேற்றுப் பாடத்தை இன்று காலை ஒப்பிக்காமல் புதுப் பாடம் கிடையாது. வகுப்பையே இரண்டு அணியாகப் பிரித்துக் கேள்வி கேட்பது, நாடகம், பேச்சுப்போட்டி எல்லாம் அதில் வருவது. இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் மைக்கைக் கண்டால் விடமாட்டார்கள் என்று கேலி செய்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது, முறைப்படி வாதம் செய்வது, இது வேதபாடசாலைப் பிள்ளைக்கும் திண்ணைப்பள்ளிப் பிள்ளைக்கும் புதுசா? பிரெஞ்சுக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த முறை காவிரிக்கரைப் பையன்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சர்க்கார் பரீட்சை முறைக்கும் பொருந்தியது. அதனால்தான் ரிசல்ட்.

அப்புறம் பக்கத்தின் மேலே ஏ.எம்.டி.ஜி. என்று எழுதுகிற வழக்கம். இறைவனின் மேலான மகிமைக்கு என்பதன் லத்தீன் சுருக்கம். எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பையன்கள் எழுதுவார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவார்கள், முஸ்லிம் பையன்கள் 786. திருத்தும்போது விடைத்தாளின் தலையைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். ஒரு பாதர் மட்டும் "மூணும் ஒரே அட்ரஸுக்குத்தான் போகுது, கீழே கணக்கைச் சரியாப் போடு" என்பார்.

மலைக்கோட்டை_காத்து

வாத்தியார் அய்யா சொன்னதுக்குக் கலாம் எழுதியிருப்பதே சாட்சி. அவருக்குக் கணக்கு எடுத்தவர்கள் தோத்தாத்ரி ஐயங்காரும் சூரியநாராயண சாஸ்திரியும். இங்கிலீஷ் எடுத்தது பாதர் செக்யூரா, விடுதியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கடைசி வருஷம் கலாம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டர் பாதர் களத்திலைச் சாப்பிடக் கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் நடத்துகிற சைவ மெஸ்ஸில் கத்தோலிக்கச் சாமியார் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதை எந்த நிறுவனர் திட்டத்தில் எழுதி வைத்திருப்பார்?

சுஜாதாவும் அதே காலத்தில் அங்கே இயற்பியல் படித்தவர், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர். அதற்கு முன்னால் ஜி.என். ராமச்சந்திரன், 1942ல் இயற்பியல் ஆனர்ஸ். தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று சுருள் அமைப்பைச் சொன்னவர். அவருக்கு நோபல் கிடைக்காததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும், விடுகிறேன்.

மேலப்புதூர்

சைவ மெஸ் என்று தனியாக ஒன்று இருந்தது ஏன் என்றும் கேளுங்கள் தம்பி. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். அதில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கருமண்டபம்_ராஜி

வரலாறு எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. என் பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள் யாராவது. வீட்டுக்காரர் ஜோசப் ஜோசப் என்கிறார், அவர் அப்பா படித்தாராம். எனக்கு என்னவோ புதிதாக வந்த சிபிஎஸ்இ பள்ளிகளில் வசதி அதிகம் என்று தோன்றுகிறது. ஏசி வகுப்பறை, நீச்சல் குளம் எல்லாம் காட்டினார்கள்.

தோப்பு_பேரன்

நீச்சல் குளம் வேண்டுமென்றால் எதிரிலேயே தெப்பக்குளம் இருக்கிறது அக்கா.

கருமண்டபம்_ராஜி

அதில் கால் வைத்தாலே தோல் டாக்டரிடம் போக வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்

அம்மா, நான் திருச்சிப் பள்ளியின் இன்றைய நிலவரம் சொல்ல ஆள் இல்லை, நேரில் போய்ப் பாருங்கள். பொதுவாக இந்த வகைப் பள்ளிகளைப் பற்றிச் சொல்கிறேன். அரசு உதவி பெறுகிற பள்ளி என்றால் அந்தப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, கட்டணம் தனியார் பள்ளி அளவுக்கு இருக்காது, அதனாலேயே வகுப்பில் எல்லா வகைப் பிள்ளைகளும் இருப்பார்கள். கடைக்காரர் மகன், பேருந்து நடத்துநர் மகன், டாக்டர் மகன் ஒரே பெஞ்சில். அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வகுப்பில் கூட்டம் அதிகம் இருக்கும். பையன் தானாகக் கை தூக்குகிறவனாக இருந்தால் பிழைத்துக்கொள்வான். ஒதுங்கி உட்காருகிறவன் என்றால் கவனம் வேண்டும். தலைமையாசிரியர் பாதரை நம்பிச் சேர்க்காதீர்கள், சபை அவரைச் சில வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடும். நிலையாக இருக்கிற வாத்தியார்கள் எப்படி என்று விசாரியுங்கள்.

ஜூலை 31 சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் திருநாள், அன்றைக்கு ஒரு நாள் விடுமுறை கூடுதலாகக் கிடைக்கலாம். பையனிடம் அதை மட்டும் சொல்லிப் பாருங்கள், உடனே சம்மதிப்பான்.

செடிகொடி

எல்லோரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வளாகத்தில் நான் தலைவணங்குகிற இடம் ராப்பினாட் உலர்தாவரகம். பாதர் கே.எம். மேத்யூ 1967ல் தொடங்கியது, முன்னால் இருந்த பாதர் ராப்பினாட் என்ற தாவரவியல்காரர் பெயரில். மேத்யூவும் அவர் கூட்டாளிகளும் தமிழ்நாட்டுச் சமவெளியையும் கிழக்கு மலைகளையும் காடு கரடு விடாமல் சுற்றி, பார்த்த செடியை எல்லாம் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் தைத்து வைத்தார்கள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தால், காய்ந்து பழுப்பேறிய கிளை, அதில் ஒரு இலை மட்டும் திருப்பி ஒட்டியிருக்கும், அடிப்பக்க நரம்பு தெரிய வேண்டும் என்று. உதிர்ந்த விதைக்கு ஓரத்தில் ஒரு சின்னக் காகித உறை. கீழே வலது மூலையில் சீட்டு: எந்த ஊர், எத்தனை உயரம், என்ன தேதி, பறித்தவர் யார், பூ என்ன நிறம். நிறம் எழுதாவிட்டால் தெரியாது, உலர்ந்ததும் எல்லாம் ஒரே நிறம்தான். இந்த உழைப்பிலிருந்து 1980களில் வந்த தொகுதிகளை விட்டுவிட்டு இன்றைக்கும் தமிழ்நாட்டுச் செடி பற்றி யாரும் ஒரு வரி எழுத முடியாது.

இது மதமாற்றமும் இல்லை, ரிசல்ட்டும் இல்லை. உறையூர்க்காரன் சொல்கிற இழுபறியில் இதை எங்கே வைப்பது?

உறையூர்க்காரன்

எங்கேயும் வைக்க முடியாது, அது என் வாதத்தில் ஓட்டைதான். சம்பாத்தியம் வேண்டாம், குடும்பம் இல்லை, எடுத்த வேலையை முப்பது வருஷம் செய்யலாம் என்று ஒரு ஆள் இருந்தால் இப்படி ஒன்று நடக்கும். திட்டம் போட்டு வருவதில்லை.

இங்கிருந்து ஆட்கள் வெளியே போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே முதல்வராக இருந்த பாதர் பெர்ட்ராம்தான் 1925ல் சென்னையில் லயோலாவைத் தொடங்கினார். பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அதே மிஷன். இன்றைக்கு லயோலாவுக்கு இருக்கிற பேரில் திருச்சியை யாரும் நினைப்பதில்லை. நாகைக்குத் திருச்சி செய்ததைத் திருச்சிக்குச் சென்னை செய்துவிட்டது.

நாகை_துறை

இதைத்தான் எதிர்பார்த்தேன் 😄

மேலப்புதூர்

ஒன்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்தது. 1973ல் சபைத் தலைவர் அருப்பே, ஸ்பெயினில் வாலென்சியா நகரில் சேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூட்டத்தில் பேசினார். "நீதிக்காக உங்களுக்குக் கல்வி கொடுத்தோமா" என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். கூட்டத்தில் இருந்த வசதியான பழைய மாணவர்கள் பலருக்குப் பொறுக்கவில்லை. 1975ல் சபையின் பொதுப் பேரவை விசுவாசமும் நீதியும் பிரிக்க முடியாதவை என்று தீர்மானமே போட்டது. அதே காலத்தில் மெக்சிகோ நகரில் பணக்காரப் பிள்ளைகள் படித்த பெரிய பள்ளி ஒன்றை அவர்களே இழுத்து மூடினார்கள். இங்கே மூடவில்லை, மூடவும் தேவையில்லை. மதுரை மாகாணத்துக்காரர்கள் தலித் மக்களுக்கு முன்னுரிமை என்று பிறகு முடிவெடுத்தார்கள், அதில் உண்மையாக உழைத்த பாதர்கள் சிலரை எனக்கே தெரியும். என் அக்கா பிள்ளைகள் ஒரு சேசு சபை நிறுவனத்தில் படித்து வெளியே வந்தவர்கள்.

ஆனால் இது நடக்க 1606லிருந்து கணக்குப் போடுங்கள். ஊர் பள்ளியை மாற்றியது என்கிற உங்கள் வாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன் அய்யா, ஒரு திருத்தத்தோடு. ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் மாற்றினார்கள். எங்கள் கை எட்டியது கடைசியில்.

உறையூர்க்காரன்

அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தலைப்பில் "ஊர்" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருக்கக் கூடாது, ஆனால் இந்தத் தளத்தில் தலைப்பை மாற்ற வழியில்லை.

ராஜி அம்மா, போய்ப் பார்த்தீர்களா?

கருமண்டபம்_ராஜி

போனோம். வீட்டுக்காரர் அவர் அப்பா உட்கார்ந்த வகுப்பு எது என்று தேடிக்கொண்டே இருந்தார், நான் கழிப்பறையைப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. விண்ணப்பம் வாங்கியிருக்கிறோம். பையனுக்கு ஜூலை 31 விஷயம் இன்னும் சொல்லவில்லை.

தோப்பு_பேரன்

சேர்த்த பிறகு எங்கள் தோப்பு வழியாக வந்தால் பார்க்கிங் தொல்லை இல்லை அக்கா. மெயின்கார்டு கேட் பக்கம் காலையில் வண்டியைக் கொண்டுவந்தால் அவ்வளவுதான்.